எஞ்சிய இடைவெளி



கணக்கு ஒன்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்குகின்றேன். நூறு அடி நீளமுள்ள பாதை ஒன்றின் ஓரத்தில், பத்து அடிக்கு ஒன்றாக மரக்கன்றுகள் நடவேண்டும். பாதையின் இரு முனைகளிலும் கன்றுகள் இருத்தல் வேண்டும். ஆயின், எத்தனை கன்றுகள் தேவை?

என் ஆசிரியப் பணிக்காலமான முப்பத்து மூன்று ஆண்டுகளில், ஆண்டு தவறாமல் இவ்வினாவை வகுப்பில் கேட்டிருக்கின்றேன். ஆண்டு தவறாமல் வகுப்பில் பாதிப்பேர் ‘பத்து’ என்றே விடையிறுத்தனர். சரியான விடை பதினொன்று. ஐயமுடையோர் தம் இடக்கையை விரித்துப் பார்ப்பாராக. விரல்கள் ஐந்து, விரல்களுக்கு இடைப்பட்ட வெளிகளோ நான்கு. பொருள்களின் எண்ணிக்கையும் இடைவெளிகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்னும் இச்சிறு உண்மையை மறந்தவர் பலர். அவர்களுள் நானும் ஒருவன். அதனை நான் மறந்த கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

2009-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், புதிதாகக் கட்டிய மாடித் தாழ்வாரத்திற்கு இரும்புக் கிராதி அமைக்க வேண்டியிருந்தது. தூண்களுக்கு இடையே ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றும் 2000 மில்லிமீட்டர் அகலம். கம்பிகள் 16 மில்லிமீட்டர் தடிமன். பற்றவைப்புத் தொழிலாளி ஒருவர் வந்தார், அத்தொழிலில் நல்ல பழக்கமுடையவர், நேர்மையானவர். “கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடட்டும், ஐயா?” என்று அவர் வினவினார். “நூறு மில்லிமீட்டர் விடுங்கள்” என்று கூறிவிட்டு, நான் வேறு அலுவலைக் கவனிக்கச் சென்றேன்.

அவர் சொன்னபடியே செய்தார். நூறு மில்லிமீட்டர் அகலத்தில் மரக்கட்டை ஒன்றை அறுத்து வைத்துக்கொண்டார். இடப்பக்கத் தூணிலிருந்து தொடங்கி, கட்டையை வைத்து ஒரு கம்பி, மீண்டும் கட்டையை வைத்து ஒரு கம்பி என்று நிறுத்திக்கொண்டே சென்றார். வேலை விரைந்து முடிந்தது. கிராதிக்குப் பச்சை வண்ணமும் பூசியாயிற்று. பார்த்தவர்கள் பாராட்டினர், நானும் மகிழ்ந்தேன்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், மூத்த மகளை முதல் வகுப்பிற் சேர்ப்பதற்காகத் தாய் ஒருத்தி வந்திருந்தாள். அவளோடு நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் வந்தான். கீழே முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டைப் பார்ப்பதற்காக, அச்சிறுவன் கிராதியின் வலப்பக்க மூலையில் தலையை நுழைத்துவிட்டான். நுழைந்த தலை திரும்பி வரவில்லை. செவிகள் இரண்டும் கம்பியில் தடுத்துக்கொண்டன. தாயின் அலறல் கேட்டு நான் ஓடினேன். எண்ணெய் தடவிப் பார்த்தோம், பயனில்லை. குழந்தை அழ அழ, செவிகள் மேலும் சிவந்து வீங்கலாயின. பள்ளி ஏவலர் இரும்பறுக்கும் வாளைக் கொணர்ந்து, கம்பியின் அடியை அறுக்கத் தொடங்கினார். தாய் ஈரத்துணியால் மகனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிடங்கள் சென்றபின் கம்பி வளைந்தது, தலை வெளிவந்தது. அச்சிறுவன் கேட்ட முதற்கேள்வி, “ஆடு எங்கே?” என்பது. எல்லோரும் சிரித்தனர். என்னால் சிரிக்க இயலவில்லை.

அன்று மாலை, மாணவர்கள் சென்ற பிறகு, நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குச் சென்றேன். இடப்பக்கத்திலிருந்து பதினாறு இடைவெளிகள், ஒவ்வொன்றும் சரியாக நூறு. பதினாறு கம்பிகள், ஒவ்வொன்றும் பதினாறு. கூட்டினால் 1856 மில்லிமீட்டர். கட்டத்தின் அகலமோ 2000. எஞ்சியது 144. அந்த 144 மில்லிமீட்டரும் கடைசிக் கம்பிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே, ஒரே இடைவெளியாகத் திறந்து கிடந்தது. ஆறு கட்டங்களிலும் அவ்வாறே. ஒருமுறை நேர்ந்த பிழை ஆறுமுறை படியெடுக்கப்பட்டிருந்தது.

தொழிலாளியின்மேல் குற்றமில்லை. இடைவெளி எவ்வளவு என்று அவர் கேட்டார்; நான் சொன்னேன். எஞ்சுவதை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. எஞ்சும் என்றே எண்ணிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் மரம் நடும் கணக்கைக் கற்பித்த நான், அதே கணக்கு என் பள்ளித் தாழ்வாரத்தில் இரும்பாக நின்றபோது அதனை அடையாளம் காணத் தவறினேன்.

மாணவர்களே, இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அன்று செய்திருக்க வேண்டிய கணக்கை நாம் சேர்ந்து செய்வோம்.

முதலில், எந்த அளவு மாறாதது, எந்த அளவுக்கு எல்லை உண்டு, எந்த அளவு நம் விருப்பத்திற்கு வளையும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டத்தின் அகலம் 2000; மாறாது. கம்பியின் தடிமன் 16, மாறாது. இடைவெளி நூறுக்கு மிகலாகாது, இஃது எல்லை. நூறுக்குக் குறைவாக இருக்கலாம். அங்கேதான் நமக்கு வளைவதற்கு இடமுண்டு. ‘நூறு’ என்று நான் தொழிலாளியிடம் கூறியபோது, எல்லையை அளவென்று கூறிவிட்டேன். பிழையின் வேர் அதுவே.

இந்த நூறு என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்து நாட்டின் கட்டட விதிமுறைகளுக்கான வழிகாட்டி நூல், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் இருக்கக்கூடிய கட்டடங்களின் கிராதிகளில், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளம் ஒன்று எவ்விடத்திலும் ஊடுருவிச் செல்லலாகாது என்கின்றது. அமெரிக்காவின் குடியிருப்புகளுக்கான மாதிரி விதிகள் நான்கு அங்குலக் கோளத்தைக் குறிப்பிடுகின்றன. அதுவும் ஏறத்தாழ அதே அளவுதான். ‘எவ்விடத்திலும்’ என்பதைக் கவனியுங்கள். பதினாறு இடைவெளிகள் சரியாக இருந்து, பதினேழாவது தவறினாலும் கிராதி தவறியதே ஆகும். குழந்தை சராசரியைத் தேடி நுழைவதில்லை. அகன்ற இடத்தைத் தேடியே நுழைகின்றது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இரு தூண்களுக்கு நடுவே கம்பிகள் நிற்கும்போது, இடைவெளிகள் கம்பிகளைவிட ஒன்று மிகுதியாக இருக்கும். அந்த ஓர் இடைவெளியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டால், எஞ்சியவை கம்பியும் இடைவெளியுமாக இணை இணையாக அமைந்துவிடும். ஆகவே, 2000-லிருந்து 100-ஐக் கழித்தால் 1900. ஓர் இணையின் நீளம் 16-உம் 100-உம் சேர்ந்து 116. 1900-ஐ 116-ஆல் வகுத்தால் 16.38 வருகின்றது.

இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவர். ‘பதினாறு புள்ளி மூன்று எட்டு, அரைக்குக் குறைவு, ஆகவே பதினாறு’ என்று முழுமையாக்கிவிடுவர். பாடநூலில் அது சரி. கிராதியில் அது தவறு. பதினாறு கம்பிகளை ஒரே சீராக நிறுத்தினால், பதினேழு இடைவெளிகளுக்கு 1744 மில்லிமீட்டர் மிஞ்சும், ஒவ்வொன்றும் 102.6 ஆகும். எல்லை கடந்துவிட்டது. இடைவெளி மிகலாகாது என்னும் நிபந்தனை இருக்கும்போது, பின்னம் எவ்வளவு சிறியதாயினும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும். எனவே கம்பிகள் பதினேழு, இடைவெளிகள் பதினெட்டு. பதினேழு கம்பிகளின் தடிமன் 272. இரண்டாயிரத்தில் அதனைக் கழித்தால் 1728. பதினெட்டால் வகுத்தால் சரியாக 96.

ஒவ்வோர் இடைவெளியும் 96 மில்லிமீட்டர். நூறுக்கு உட்பட்டது, ஒன்றுக்கொன்று சமமானது, எஞ்சுவது யாதுமில்லை.

மறுநாள் அத்தொழிலாளி மீண்டும் வந்தார். செய்தி கேட்டு மிக வருந்தினார். கிராதி முழுவதையும் பிரித்து மீண்டும் அமைக்கப் பள்ளியில் பணமில்லை. அறுத்த கம்பியைச் செப்பனிட்டு, 144 மில்லிமீட்டர் வெளியின் நடுவே புதிய கம்பி ஒன்றை நிறுத்தினார். அதன் இருபுறமும் 64 மில்லிமீட்டர் ஆயிற்று. ஆறு கட்டங்களும் பாதுகாப்பாயின. ஆனால் மூலையில் மட்டும் கம்பிகள் நெருங்கி நின்று, பார்ப்போர் கண்ணை உறுத்தின. நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா? இப்போது கட்டத்திற்குக் கம்பிகள் பதினேழு. நம் கணக்கு கூறியதும் பதினேழே. இரும்பின் செலவு ஒன்றுதான். முதலில் ஐந்து நிமிடம் கணக்கிட்டிருந்தால், அதே இரும்பில் அழகும் கிடைத்திருக்கும். அக்குழந்தையின் அழுகையும் நேர்ந்திராது.

கிடைத்த நீளத்திற்கு ஏற்ப அமைப்பைச் சீர்செய்யும் இக்கலை புதியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், பத்துப் பகுதிகளைக் கொண்ட தம் நூலின் மூன்றாம் பகுதியில் கோயில் முகப்பிற்கு ஒரு முறை வகுத்துள்ளார். முகப்பில் நான்கு தூண்கள் நிறுத்துவதாயின், அதன் அகலத்தைப் பதினொன்றரைக் கூறுகளாக்குக; ஆறு தூண்களாயின் பதினெட்டுக் கூறு; எட்டுத் தூண்களாயின் இருபத்து நான்கரைக் கூறு. ஒரு கூறே தூணின் விட்டம். நடுவாயிலுக்கு நேரான இடைவெளி மூன்று கூறு. ஏனைய இடைவெளிகள் இரண்டேகால் கூறு. நீங்களே கூட்டிப் பாருங்கள். நான்கு தூண்களுக்கு நான்கு, நடு இடைவெளி மூன்று, பக்க இடைவெளிகள் இரண்டுக்கு நான்கரை, ஆகப் பதினொன்றரை. மனை சிறியதாயினும் பெரியதாயினும் தூணும் இடைவெளியும் தாமாகவே அதற்கேற்பச் சுருங்கும், விரியும். எஞ்சுவது என்ற பேச்சே எழாது. இங்கே வளைந்துகொடுப்பது தூணின் பருமனே. நம் கிராதியிலோ கம்பியின் பருமன் கடையில் விற்கும் அளவு. அதனை வளைக்க இயலாது.

அச்சுக்கலையிலும் இதே சிக்கல் உண்டு. நூலின் பக்கத்தில் எல்லா வரிகளும் ஒரே நீளமாக முடிகின்றன. ஆனால் சொற்கள் ஒரே நீளமுடையன அல்ல. 1886-இல் நியூயார்க் நகர நாளிதழ் ஒன்றில் முதன்முதல் பயனுக்கு வந்த லைனோடைப் எந்திரம், சொற்களுக்கு நடுவே ஆப்பு வடிவத் தகடுகளை வைத்தது. வரி முடிந்தவுடன் அவ்வாப்புகள் யாவும் ஒருசேர மேலே தள்ளப்படும். சொல்லிடை வெளிகள் ஒரே அளவில் அகன்று, வரி விளிம்பு வரை நிரம்பும். எஞ்சிய வெளியை ஒரே இடத்தில் குவிக்காமல், எல்லா இடைவெளிகளுக்கும் பகிர்ந்தளித்த எந்திரம் அது.

எண்ணே இல்லாமல் இதனைச் செய்தவர்களும் உண்டு. என் பாட்டியார் கார்த்திகைத் திருநாளில் திண்ணை ஓரத்தில் ஒன்பது அகல்விளக்குகள் வைப்பார். முதலில் இரு முனைகளிலும் ஒவ்வொன்று. பிறகு நடுவில் ஒன்று. பிறகு ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒவ்வொன்று. இறுதியில் ஒவ்வொரு காலின் நடுவிலும் ஒவ்வொன்று. இரண்டும் ஒன்றும் இரண்டும் நான்குமாக ஒன்பது விளக்குகள். எட்டுச் சமமான இடைவெளிகள். முனைகளை முதலில் உறுதிசெய்துவிட்டமையால், அவருக்குக் கடைசியில் எஞ்சுவது ஒன்றுமில்லை. பதினெட்டு இடைவெளிகளுக்கு அம்முறை உதவாது. பதினெட்டைப் பாதியாக்கினால் ஒன்பது. அதற்குமேல் பாதியாக்க முடியாது.

அதற்கு வடிவகணிதம் துணை நிற்கின்றது. பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம் படித்திருப்பீர்கள். யூக்ளிட் தம் ஆறாம் நூலில் ஒரு கோட்டை வேண்டியவாறு கூறிடும் வழியை அதே அடிப்படையில் காட்டியுள்ளார். தச்சர்கள் அதனை வேறு பெயரின்றிச் செய்வர். 175 மில்லிமீட்டர் அகலப் பலகையை ஆறு சமபாகமாக்க வேண்டுமெனின், 175-ஐ ஆறால் வகுத்துப் பின்னத்தோடு போராடமாட்டார்கள். அளவுகோலைச் சாய்த்து வைத்து, சுழி ஒரு விளிம்பிலும் 180 மறு விளிம்பிலும் படியச் செய்வர். முப்பது, அறுபது, தொண்ணூறு என்று குறியிட்டுக்கொண்டு போவர். அக்குறிகள் வழியாக விளிம்பிற்கு இணையாகக் கோடுகள் இழுத்தால் ஆறு சமபாகங்கள் வந்துவிடும்.

குறியிடுவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு கம்பியையும் அதற்கு முந்தைய கம்பியிலிருந்து அளந்தால், ஒவ்வொரு முறையும் நேரும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். அரை மில்லிமீட்டர் தவறு பதினெட்டு முறை சேர்ந்தால் ஒன்பது மில்லிமீட்டர். ஆதலின், எல்லா அளவுகளையும் ஒரே முனையிலிருந்து எடுக்க வேண்டும். நம் கிராதியில் முதற்கம்பியின் நடுக்கோடு 104-இல். அதன்பின் 112 கூட்டிக்கொண்டே சென்றால் 216, 328, 440 என்று தொடர்ந்து, பதினேழாவது கம்பி 1896-இல் நிற்கும். அங்கிருந்து தூணுக்குப் பாதிக் கம்பியும் ஓர் இடைவெளியுமாக 104. முன்னும் பின்னும் ஒத்துவிட்டன.

எஞ்சுவதை எல்லாவிடத்தும் இடைவெளியிற் கரைத்துவிட முடியாது. மூன்று மீட்டர் உயரத்திற்குப் படிக்கட்டு அமைக்கின்றோம். ஒரு படியின் உயரம் 175 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்று கொள்வோம். 3000-ஐ 175-ஆல் வகுத்தால் பதினேழுக்குச் சற்று மேல். ஆகவே பதினெட்டுப் படிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 167. இங்கே படியே சுருங்குகின்றது. பதினேழு படிகளை 175-ஆக வைத்து, கடைசிப் படியை மட்டும் 25-ஆக விட்டால், ஏறுகின்றவர் அங்கே தடுக்கி விழுவது உறுதி. பழகிய கால், முந்தைய படியின் உயரத்தையே எதிர்பார்க்கின்றது.

சுவரில் ஓடு பதிக்கும்போது ஓட்டின் அளவும் மாறாது. இணைப்பின் அகலமும் அதிகம் வளையாது. 3100 மில்லிமீட்டர் சுவரில் 300 மில்லிமீட்டர் ஓடுகள். இணைப்பை விட்டுக் கணக்கிடுவோம். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் பத்து முழு ஓடுகளும், மறுமுனையில் நூறு மில்லிமீட்டர் மெலிந்த துண்டும் வரும். கைதேர்ந்த கொத்தனார் சுவரின் நடுவில் ஓர் ஓட்டின் நடுவைப் பொருத்தித் தொடங்குவார். ஒன்பது முழு ஓடுகள். இரு முனைகளிலும் இருநூறு மில்லிமீட்டர் துண்டுகள். எஞ்சியது மறையவில்லை, ஆனால் இருபுறமும் சமமாக நின்று, வேண்டுமென்றே அமைத்தது போன்ற தோற்றம் தருகின்றது.

இனி, உங்கள் காலத்துக் கருவிக்கு வருவோம். 1963-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர், தம் முனைவர் பட்டத்திற்காக ஸ்கெட்ச்பேடு என்னும் கணினி நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையலாம். அதைவிடச் சிறப்பானது மற்றொன்று. இவ்விரு கோடுகளும் சமநீளமாக இருக்கட்டும், இவை இணையாக இருக்கட்டும் என்று நிபந்தனை கூறலாம். எந்திரம் அதற்கேற்பப் படத்தைத் திருத்திக்கொள்ளும். மூலப்படம் ஒன்றிற்குப் பல படிகள் அமைக்கலாம். மூலத்தை மாற்றினால் படிகள் யாவும் மாறும். படத்திற்குள் கோடுகளோடு உறவுகளும் குடிபுகுந்த காலம் அது.

1982-இல் ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருள் வெளிவந்தது. அதில் இரு கட்டளைகள் உண்டு. ‘மெஷர்’ என்பது, நீங்கள் தரும் நீளத்தை ஒரு முனையிலிருந்து அளந்து அளந்து குறியிட்டுச் செல்லும். கடைசியில் எஞ்சியதை அப்படியே விட்டுவிடும். ‘டிவைடு’ என்பது, நீங்கள் தரும் எண்ணிக்கைப்படி முழு நீளத்தையும் சமமாகக் கூறிடும். எங்கள் பள்ளிக் கிராதிக்கு நடந்தது முதலாவது. நடந்திருக்க வேண்டியது இரண்டாவது. 2000-இல் வெளிவந்த ரெவிட் என்னும் கட்டட வரைபட மென்பொருளில், கிராதிக் கம்பிகளின் அமைப்பைத் தொடக்கத்தோடு பொருத்தவா, முடிவோடு பொருத்தவா, நடுவோடு பொருத்தவா, அன்றி முழு நீளத்திற்கும் பரப்பி நிரப்பவா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதல் மூன்றிலும் எஞ்சிய நீளம் எங்கேனும் நிற்கும். நான்காவதில் அமைப்பே சற்றுச் சீரடைந்து நீளத்தை நிரப்பிவிடும்.

நான் ஓய்வு பெற்ற பின்னர், கட்டட வரைவாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரின் அலுவலகத்திற்குச் சென்றிருந்தேன். எங்கள் கிராதியின் கதையை அவர் அறிவார். அக்காலத்தில் அப்பள்ளியிற் படித்தவர்தாம். நாம் இப்போது செய்த அதே கணக்கைக் கணினிக்கு விதியாகத் தந்து, கிராதி ஒன்றைத் திரையில் வரைந்து காட்டினார். பதினேழு கம்பிகள், 96 மில்லிமீட்டர்.

“இதன் நீளத்தை இழுத்துப் பாருங்கள், ஐயா” என்றார்.

நான் மெல்ல இழுத்தேன். 2000 என்பது 2030 ஆயிற்று, 2050 ஆயிற்று. கம்பிகள் பதினேழாகவே இருந்தன. இடைவெளிகள் மட்டும் ஒருசேர விரிந்தன. 2072-இல் இடைவெளி சரியாக 100 ஆயிற்று. இன்னும் ஒரே ஒரு மில்லிமீட்டர் இழுத்தேன். பதினெட்டாவது கம்பி ஒன்று தோன்றியது. எல்லாக் கம்பிகளும் ஒதுங்கி அதற்கு இடம் தந்தன. இடைவெளி 94 ஆகச் சுருங்கியது. நான் எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் விளக்க முயன்றது, அந்த ஒரு நொடியில் கண்ணெதிரே நிகழ்ந்தது. சிறுபிள்ளையைப் போல் அதனை நீட்டியும் குறுக்கியும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. “இடைவெளியின் எல்லையை நூற்றைம்பது என்று மாற்றுங்கள், தம்பி” என்றேன். மாற்றினார். எந்திரம் தயங்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. பன்னிரண்டு கம்பிகளை வரைந்தது; இடைவெளி ஒவ்வொன்றும் 139 மில்லிமீட்டர். மிக அழகாக, மிகச் சமமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் இருந்த ஆபத்து, இப்போது பதின்மூன்று இடங்களில் ஒழுங்காகப் பரவி நின்றது. அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாணவச் செல்வங்களே, இதனை உங்களிடம் கூறவே இன்று வந்தேன். எங்கள் ஊர்த் தொழிலாளி நான் சொன்னதைச் செய்தார். கணினியும் சொன்னதைச் செய்கின்றது. இருவருக்கும் சொல்லவேண்டியதைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு, சொல்பவனுடையது. எது மாறாதது, எதற்கு எல்லை, எது வளையும் என்று பிரித்தறிதல். எல்லை எந்த உயிரைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று நினைத்தல். விடை வந்தபின் கடைசி இடைவெளியை ஒருமுறை அளந்து பார்த்தல். இவை உங்கள் வேலை. பெருக்கலையும் வகுத்தலையும் எந்திரத்திற்கு விட்டுவிடலாம்; குற்றமில்லை.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விதி, ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது. ஆகவே உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். தலைமையாசிரியனாக நான் பார்வையிட்ட பாடக்குறிப்பேடுகள் பலவற்றில், ஜூன் மாதம் ஒரு பாடத்திற்கு இரண்டு வாரம், ஜூலையில் ஒரு பாடத்திற்கு இரண்டு வாரம் என்று தாராளமாகச் சென்று, இறுதியில் நான்கு பாடங்களும் ஒரு வாரமுமாக முடிவதைக் கண்டிருக்கின்றேன். மாணவர்களின் படிப்புத் திட்டமும் பெரும்பாலும் அத்தகையதே. அதுவும் ஒரு முனையிலிருந்து கட்டை வைத்து நிறுத்திய கிராதிதான். தேர்வு நாளையும் இன்றைய நாளையும் இரு தூண்களாக முதலில் நாட்டிக்கொண்டு, நடுவில் உள்ளதை வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மாடிக் கிராதி இருக்குமாயின், அளவுகோலோடு சென்று இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை அளந்து பாருங்கள். நூறு மில்லிமீட்டருக்கு மிகுந்திருக்கக் கண்டால், அங்கே சிறு குழந்தைகள் வருவார்களாயின், பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். நடுவே ஒரு கம்பி நிறுத்த அரைநாள் போதும்.

எங்கள் பள்ளிக் கிராதியின் மூலையில் நெருக்கமாக நின்ற அக்கம்பிகளை மாற்றியமைக்க, பின்னர் ஒருமுறை பணம் கிடைத்தது. நான் மாற்றவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மரம் நடும் கணக்கைத் தொடங்கும் நாளில், வகுப்பை மாடித் தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று, அம்மூலையைக் காட்டி, அளவுநாடாவை முதல் வரிசை மாணவனிடம் தந்து, “அளந்து சொல்” என்பேன்.